முந்தும் வாகனங்கள், மாறுபடும் சைகைகள்: சட்டம் எட்டாத நெடுஞ்சாலை

புது தில்லி: முன்னே செல்லும் லாரியின் வலதுபுற இண்டிகேட்டர் விளக்கு சிமிட்டினால் அதற்கு என்ன பொருள்? சட்டப்படி, லாரி வலப்புறம் திரும்பப் போகிறது அல்லது விலகப் போகிறது. வட மாநில நெடுஞ்சாலைகள் பலவற்றில், "வழி இருக்கிறது, முந்திச் செல்லலாம்" என்பது அதன் பொருள். தமிழகத்து ஓட்டுநர்கள் பலருக்கோ, "எதிரே வண்டி வருகிறது, முந்தாதே" என்ற எச்சரிக்கை அது. ஒரே விளக்குக்கு மூன்று பொருள்கள். எது சரி என்பதைப் பின்னால் வருபவர் ஓரிரு விநாடிகளில் ஊகித்தாக வேண்டும். ஊகம் தவறினால் நேருக்கு நேர் மோதல்தான்.

மாநிலம் விட்டு மாநிலம் செல்லும் சரக்கு வாகனங்களின் எண்ணிக்கை பெருகிவரும் நிலையில், இந்தக் குழப்பத்தைச் சிறிய விஷயம் என்று ஒதுக்கிவிட முடியாது. சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 2022-ஆம் ஆண்டில் நாட்டில் 4,61,312 சாலை விபத்துகள் நிகழ்ந்தன. அவற்றில் 1,68,491 பேர் உயிரிழந்தனர். 2023-ல் உயிரிழப்பு 1.72 லட்சத்தைத் தாண்டியது. 2024 டிசம்பரில் மக்களவையில் கேள்வி நேரத்தின்போது பேசிய துறை அமைச்சர் நிதின் கட்கரி, சாலை விபத்துகள் குறித்து விவாதிக்கப்படும் சர்வதேச மாநாடுகளில் முகத்தை மறைத்துக்கொள்ளத் தோன்றுகிறது என்று வெளிப்படையாகவே வருந்தினார்.

நாட்டின் மொத்தச் சாலை நீளத்தில் தேசிய நெடுஞ்சாலைகளின் பங்கு ஏறத்தாழ 2 சதவீதம். ஆனால், 2022-ல் உயிரிழந்தோரில் 36 சதவீதம் பேர் அவற்றில்தான் மாண்டனர். தேசிய நெடுஞ்சாலைகளிலும் கணிசமான பகுதி இன்னும் நடுவே தடுப்பு இல்லாத இருவழிச் சாலைகளே. அங்கு முந்த வேண்டுமானால் எதிர்த்திசை வாகனங்களுக்கு உரிய பாதையில் நுழைந்தே ஆக வேண்டும்.

கணக்கில் வராத காரணம்

முந்தும்போது நிகழும் விபத்துகளில் ஆண்டுதோறும் எத்தனை பேர் இறக்கின்றனர் என்பதற்கு அரசின் புள்ளிவிவரங்களில் தனி விடை கிடையாது. போக்குவரத்து அமைச்சகத்தின் ஆண்டறிக்கை, விதிமீறல்களை அதிவேகம், மது அருந்தி ஓட்டுதல், தவறான திசை அல்லது தடத்தில் ஓட்டுதல், சிவப்பு விளக்கை மீறுதல், செல்போன் பயன்பாடு, பிற என்று வகைப்படுத்துகிறது. இப்பட்டியலில் முந்துதல் தனித்தலைப்பாக இடம்பெறவில்லை.

தேசிய குற்ற ஆவணக் காப்பகம் இதை வேறு விதமாகத் தொகுக்கிறது. அபாயகரமாக, கவனக்குறைவாக ஓட்டுதல் என்பதுடன் முந்துதலையும் சேர்த்து ஒரே பிரிவாக வைத்திருக்கிறது. அப்பிரிவில் மட்டும் 2021-ல் 42 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்ததாகப் பதிவாகியுள்ளது. இவர்களில் முந்த முயன்றதால் இறந்தவர்கள் எத்தனை பேர் என்பதைப் பிரித்தறிய வழியில்லை.

அமைச்சகத்தின் 2022 அறிக்கையில், உயிரிழப்புகளில் 71 சதவீதம் அதிவேகத்தின் கணக்கில் எழுதப்பட்டுள்ளது. முந்துவதற்காக வேகத்தைக் கூட்டிய வாகனம் மோதினாலும் காவல் நிலையப் பதிவேட்டில் அது "அதிவேகம்" என்றே இடம்பெறக்கூடும். காரணம் சரியாகப் பதிவாகாத நிலையில், அதற்குரிய தீர்வும் திட்டமிடப்படுவதில்லை.

கை சொன்னதும் விளக்கு சொல்வதும்

இண்டிகேட்டர் குழப்பத்தின் வேர் பழைய விதிகளிலேயே இருக்கிறது எனலாம். மோட்டார் வாகனச் சட்டம் 1988-ஐத் தொடர்ந்து, 1989 ஜூலை 1 முதல் சாலை விதிகள் நடைமுறைக்கு வந்தன. வளைவிலோ மேட்டிலோ முந்தக்கூடாது. பின்னால் வருபவர் ஏற்கெனவே முந்தத் தொடங்கியிருந்தால் முந்தக்கூடாது. முன்னே செல்பவர் அனுமதிச் சைகை காட்டாதவரை முந்தக்கூடாது என்று அவ்விதிகள் கூறின. அதாவது, முந்தும் முடிவில் முன்னே செல்லும் ஓட்டுநருக்கும் சட்டமே பங்கு தந்திருந்தது.

அந்தச் சைகையும் விதிகளில் விளக்கப்பட்டிருந்தது. வலது கையை வெளியே நீட்டி, முன்னும் பின்னுமாக அரைவட்டத்தில் வீச வேண்டும். வலப்புறம் திரும்புவதற்கும் அதே வலது கைதான். ஆனால், உள்ளங்கை முன்னே தெரியுமாறு அசையாமல் நீட்ட வேண்டும். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு கையின் அசைவில் மட்டுமே இருந்தது. கையின் இடத்தை விளக்கு பிடித்துக்கொண்டபோது அந்த வேறுபாடு மறைந்தது. வலதுபுற விளக்குக்குச் சிமிட்ட மட்டுமே தெரியும். வட மாநில லாரி ஓட்டுநர்கள் அதை "போகலாம்" என்பதற்குப் பயன்படுத்தியதும், மற்றவர்கள் "வராதே" என்பதற்குப் பயன்படுத்தியதும் இதன் விளைவாகவே இருக்க வேண்டும்.

1989 விதிகளுக்குப் பதிலாக 2017-ல் மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைகள் அறிவிக்கப்பட்டன. எதிரே சாலை போதிய தொலைவுக்குத் தெளிவாக இருக்கிறது என்பதை முந்துபவரே உறுதிசெய்துகொள்ள வேண்டும் என்பதை அவை வலியுறுத்துகின்றன. ஆயினும், சாலையில் பழைய வழக்கமே தொடர்கிறது.

முகப்பு விளக்கின் கதையும் இதுவே. பிரிட்டன் போன்ற நாடுகளில் எதிரே வருபவர் முகப்பு விளக்கை ஒளிரச் செய்தால், "நீங்கள் செல்லலாம்" என்று பலரும் பொருள் கொள்கின்றனர். இந்தியச் சாலைகளில் அதன் பொருள், "நான் வருகிறேன், நீ நில்". நான்கு இண்டிகேட்டர்களையும் ஒருசேர எரியவிட்டு நாற்சந்தியில் நேராகச் செல்வது மற்றொரு வழக்கம். பக்கவாட்டில் நிற்பவர் கண்ணுக்கு ஒரு புறத்து விளக்கு மட்டுமே தெரியும். வாகனம் தன் பக்கம் திரும்பப் போவதாக அவர் எண்ணினால் அது அவர் குற்றமாகாது. லாரிகளின் பின்புறம் எழுதப்படும் "ஹாரன் ஓகே ப்ளீஸ்" வாசகம் தேவையின்றி ஒலி எழுப்பத் தூண்டுகிறது என்று கூறி 2015-ல் மகாராஷ்டிர அரசு அதற்குத் தடை விதித்தது.

பத்து விநாடிக் கணக்கு

மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் செல்லும் லாரியை 80 கி.மீ. வேகத்தில் வரும் கார் முந்துவதாகக் கொள்வோம். லாரியின் நீளம், முன்னும் பின்னும் விட வேண்டிய இடைவெளி ஆகியவற்றைச் சேர்த்தால் கார் கூடுதலாகக் கடக்க வேண்டியது சுமார் 55 மீட்டர். இதற்கு ஏறத்தாழ 10 விநாடிகள் ஆகும். அதற்குள் கார் 220 மீட்டர் ஓடியிருக்கும். எதிரே அதே வேகத்தில் வரும் வாகனமும் 220 மீட்டர் நெருங்கியிருக்கும். ஆக, குறைந்தது 440 மீட்டர் தொலைவு கண்ணுக்குத் தெளிவாகத் தெரிய வேண்டும். 80 கி.மீ. வேகத்தில் முந்துவதற்கான பார்வைத் தொலைவு 470 மீட்டர் என இந்தியச் சாலைகள் காங்கிரஸ் வரையறுத்துள்ளது. அதே வேகத்தில் வாகனத்தை நிறுத்துவதற்கு அது வகுத்துள்ள தொலைவு 120 மீட்டர். நிறுத்தத் தேவைப்படுவதைப்போல் ஏறத்தாழ நான்கு மடங்கு தொலைவு முந்துவதற்குத் தேவை.

இதனிடையே லாரி தன் வேகத்தை 70 கி.மீ. ஆகக் கூட்டினால், முந்தும் நேரமும் தூரமும் இரட்டிப்பாகிவிடும். முந்தப்படுபவர் வேகத்தைக் கூட்டக்கூடாது என்று 1989 விதிகள் ஏன் தனியாகக் கூறின என்பது இக்கணக்கால் விளங்கும். முன்னே செல்பவரின் சைகையை மட்டும் நம்பி முந்துவது ஏன் ஆபத்து என்பதும் விளங்கும். தனக்கு வழி தெரிவதை அவர் சொல்லலாம். பின்னால் வரும் காரின் வேகமும் திறனும் அவருக்குத் தெரியாது.

நாடாளுமன்றம் செய்ததும் செய்யாததும்

மோட்டார் வாகனத் திருத்த மசோதா 2016-ல் தாக்கலாகி, 2017 ஏப்ரலில் மக்களவையில் நிறைவேறியது. மாநிலங்களவையில் தேர்வுக் குழுவுக்கு அனுப்பப்பட்டு, 16-ஆவது மக்களவையின் காலம் முடிந்தபோது காலாவதியானது. 2019 ஜூலையில் மீண்டும் கொண்டுவரப்பட்டு இரு அவைகளிலும் நிறைவேறி, அதன் முக்கியப் பிரிவுகள் செப்டம்பர் 1 முதல் அமலுக்கு வந்தன.

அபாயகரமாக ஓட்டுதல் தொடர்பான 184-ஆவது பிரிவில், சட்டத்துக்கு மாறாக முந்திச் செல்வதும் அப்போது வெளிப்படையாகச் சேர்க்கப்பட்டது. முதல் முறை குற்றத்துக்கு 6 மாதம் முதல் ஓராண்டு வரை சிறை அல்லது ரூ.1,000 முதல் ரூ.5,000 வரை அபராதம் அல்லது இரண்டும் விதிக்கலாம். அபராத உயர்வைப் பற்றியே அன்று விவாதம் சுழன்றது. குஜராத் உள்ளிட்ட சில மாநிலங்கள் அபராதத் தொகைகளைக் குறைக்கவும் செய்தன.

ஆனால், இக்குற்றத்தைக் கண்டறிவது யார்? அதிவேகத்தையும் சிவப்பு விளக்கு மீறலையும் கேமரா பதிவு செய்துவிடும். ஆளரவமற்ற இருவழிச் சாலையின் வளைவில் முந்துபவரைப் பிடிக்கக் காவலரும் இல்லை, கேமராவும் இல்லை. பெரும்பாலும் விபத்து நடந்த பிறகே அப்பிரிவு நினைவுக்கு வருகிறது.

விபத்துக்கு முன்பே செயல்படக்கூடிய கருவி ஓட்டுநர் உரிமத் தேர்வு. மத்திய மோட்டார் வாகன விதிகளின் 15-ஆவது விதி, உரிய சைகைகளுடன் பிற வாகனங்களை முந்துவதிலும், பிறரை முந்தவிடுவதிலும் விண்ணப்பதாரருக்குத் திறன் இருக்க வேண்டும் என்கிறது. நடைமுறையில், மைதானத்தில் "எட்டு" போட்டுக் காட்டுவதும், பின்னோக்கி ஓட்டி நிறுத்துவதுமே பெரும்பாலும் தேர்வாக உள்ளன. ஒற்றை வாகனம் மட்டும் ஓடும் தேர்வுத் தடத்தில் முந்தும் திறனைச் சோதிக்க வழியில்லை. தானியங்கித் தேர்வுத் தடங்கள் வந்த பிறகும் இந்நிலை மாறவில்லை.

மோட்டார் வாகனங்கள் அரசமைப்புச் சட்டத்தின் பொதுப் பட்டியலில் உள்ளவை. விதி வகுப்பது மத்திய அரசு. உரிமம் வழங்குவதும் சாலையில் கண்காணிப்பதும் மாநிலங்கள். எனவே, பொறுப்பை ஒருவர் மற்றவர் மீது தள்ளிவிட இடமுண்டு. முந்தும்போது நேரும் விபத்துகளைத் தனித்தலைப்பில் பதிவு செய்வதற்குப் புதிய சட்டம் தேவையில்லை. வலது இண்டிகேட்டருக்கு நாடெங்கும் ஒரே பொருள்தான் என்பதைச் சுங்கச்சாவடிகளிலும் லாரி முனையங்களிலும் பல மொழிகளில் எழுதி வைப்பதற்கும், பயிற்சிப் பள்ளிகளில் முந்தும் தூரக் கணக்கைக் கற்பிப்பதற்கும் பெரும் நிதி தேவையில்லை.

அதுவரை ஓட்டுநருக்குப் பாதுகாப்பான வழி ஒன்றே: முன்னே செல்பவரின் விளக்கைத் தகவலாக மட்டும் எடுத்துக்கொண்டு, எதிர்ச்சாலை தன் கண்ணுக்குத் தெளிவாகத் தெரிந்த பிறகே முந்துவது. தெரியாவிட்டால், லாரியின் பின்னாலேயே சில நிமிடங்கள் செல்வது.