ரேஷன் அரிசியோடு கேழ்வரகும் வரட்டும்

ஒன்றரை வயதாகியும் குழந்தை எழுந்து நிற்கவில்லை. மணிக்கட்டு தடித்து, கருவளையல் கழற்ற வரவில்லை. கால்கள் வளைந்திருக்கின்றன. "வளர வளரச் சரியாப்போயிடும்" என்கிறார்கள் வீட்டில். லேசான கால் வளைவு இரண்டு வயதுக்குள் தானே நேராகும் என்பது உண்மைதான். ஆனால் மணிக்கட்டும் தடித்திருந்தால் அது வைட்டமின் டி, கால்சியம் குறைவால் எலும்பு மென்மையாகும் ரிக்கெட்ஸ் நோயாக இருக்கலாம். அப்போது காத்திருக்கக் கூடாது.

அக்கம்பக்கம் உடனே பெற்றவளைக் குறை சொல்லும். அது அநியாயம். தாய்ப்பாலில் ஏறக்குறைய எல்லாம் உண்டு, ஆனால் வைட்டமின் டி மிகக் குறைவு. அதனால்தான் முதல் ஓராண்டு தினமும் 400 யூனிட் சொட்டு மருந்து கொடுக்கச் சொல்கிறார்கள் குழந்தை மருத்துவர்கள். பிரசவம் முடிந்து வீட்டுக்கு அனுப்பும்போதே இதை எடுத்துச் சொல்வது மருத்துவமனையின் கடமை. வெயில் காட்டுகிறோமே என்பார்கள். காலை ஏழு மணி இளவெயிலில் வைட்டமின் டி அதிகம் உருவாகாது. நம் திண்டுக்கல் மாவட்டச் சிறுமலையில் மூடுபனி வேறு.

அடுத்தது சோறு. ஒன்று முதல் மூன்று வயதுவரை நாளொன்றுக்குச் சுமார் 500 மில்லிகிராம் கால்சியம் வேண்டும். நூறு கிராம் அரிசியில் இருப்பது ஏறக்குறைய 10 மில்லிகிராம். கேழ்வரகில் 350 அளவுக்கு. பால் வாங்க வழியில்லாத வீட்டில் ரசஞ்சோறும் பிஸ்கட்டும் வயிற்றை நிரப்பும், எலும்புக்கு எட்டாது. புவிசார் குறியீடு பெற்ற நம் மலைவாழைப்பழம் அருமையான உணவு. அதிலும் கால்சியம் சொற்பமே. முளைகட்டிய கேழ்வரகுக் கூழும், பருப்போடு கடைந்த முருங்கைக்கீரையும்தான் கைகொடுக்கும்.

நிலக்கோட்டை வட்டாரம் போல நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு மிகுந்த ஊர்களில் ஆபத்து இரட்டிப்பு. கால்சியம் குறைந்த எலும்பை அது மேலும் கெடுக்கும். காய்ச்சினாலும் ஃப்ளோரைடு போகாது. போர் தண்ணீரைப் பரிசோதித்து மாற்றுக் குடிநீர் தருவது ஊராட்சியின் பொறுப்பு.

2023 மே மாதம் நீலகிரி, தருமபுரி மாவட்ட ரேஷன் கடைகளில் இரண்டு கிலோ அரிசிக்குப் பதிலாக இரண்டு கிலோ கேழ்வரகு தரும் திட்டத்தைத் தமிழக அரசு தொடங்கியது. கைக்குழந்தை உள்ள ஒவ்வொரு வீட்டுக்கும் அது போய்ச்சேர வேண்டும். அங்கன்வாடி சத்துமாவைக் குழந்தைக்கே ஊட்டுவது வீட்டாரின் பங்கு. மணிக்கட்டையும் காலையும் பார்த்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்புவது அங்கன்வாடி ஊழியரின் பங்கு.

சிறுமலையிலும் அடிவார ஊர்களிலும் அடுத்த கிராம சபை கூடும்போது, ரேஷனில் கேழ்வரகு வேண்டும், குடிநீரில் ஃப்ளோரைடு பரிசோதனை வேண்டும் என்று இரண்டு தீர்மானங்களை நிறைவேற்றுங்கள். கைக்குழந்தை இல்லாத வீட்டாரும் வந்து கையெழுத்திடுங்கள்.