முன்பணம் கட்டுவதற்கு முன்னால் ஒரு கேள்வி

போன வருஷம் ஒரு பௌர்ணமியன்று கிரிவலம் போய்க்கொண்டிருந்தோம். எம லிங்கத்தைத் தாண்டியதும் என் மூத்த பெண் மெதுவாக ஆரம்பித்தாள்.

"அம்மா, நான் கிளினிக்கல் சைக்காலஜி படிக்கப் போறேன்."

பி.எஸ்ஸி. சைக்காலஜி அப்போதுதான் முடித்திருந்தாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஏண்டி, பைத்தியம் பிடிச்சவங்களோட பழகற வேலையா? நாளைக்கு உன்னை யார் கட்டுவாங்க?" என்று கேட்டுவிட்டேன். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. 14 கிலோமீட்டர் நடை அல்லவா? நிதானமாக விளக்கினாள்.

மாத்திரை எழுதிக் கொடுப்பவர் மனநல மருத்துவர். அவர் எம்.பி.பி.எஸ். படித்தவர். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் மாத்திரை தருவதில்லை. நோயாளியோடு பேசி, பரிசோதித்து, என்ன கோளாறு என்று கண்டுபிடிக்க உதவுவார். பல வாரங்கள் பேச்சின் மூலமாகவே சிகிச்சையும் தருவார். நாலு வயதாகியும் பேச்சு வராத குழந்தை, பிள்ளை பெற்றபின் காரணமில்லாமல் அழுகிற தாய், பரீட்சை என்றாலே வாந்தி எடுக்கிற பையன் எல்லோரும் அவரிடம் வருவார்களாம். குழந்தைகளுக்கு ஒரு மரப்பலகை உண்டு. வட்டம், சதுரம், நட்சத்திரம் என்று பத்துக் கட்டைகளை அததன் குழியில் பொருத்தச் சொல்லி, எத்தனை வினாடி ஆகிறது என்று பார்ப்பார்களாம். இதுவும் ஒரு பரீட்சை!

இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவரான சாரதா மேனனைப் பற்றியும் சொன்னாள். 1961லேயே கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையின் தலைமைப் பொறுப்புக்கு வந்தவர் அவர். அந்தக் காலத்திலேயே ஒரு பெண் அங்கே நிர்வாகம் செய்திருக்கும்போது, என் பெண் படிக்கக் கூடாதா? குபேர லிங்கம் வருவதற்குள் என் மனம் இளகிவிட்டது.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் சகோதரிகளுக்குச் சொல்ல வேண்டும்.

ஒரு சிறிய தனியார் பல்கலைக்கழகத்திலிருந்து போன் வந்தது. "எம்.எஸ்ஸி. கிளினிக்கல் சைக்காலஜி, ரெண்டே வருஷம். முடிச்ச கையோட சொந்தமா கிளினிக் போடலாம். இந்த வாரமே 25,000 ரூபாய் கட்டினா சீட்டு உறுதி" என்றார்கள். என் வீட்டுக்காரரிடம் அவ்வளவு பணம் இல்லை. செயினை அடகு வைக்கலாம் என்று கழற்றிக்கூட விட்டேன். என் பெண்தான், "இரும்மா, ஒரு கேள்வி கேட்டுட்டு வர்றேன்" என்று தடுத்தாள்.

"உங்க கோர்ஸுக்கு ஆர்.சி.ஐ. அங்கீகாரம் இருக்கா?" இதுதான் அவள் கேட்டது. "யூ.ஜி.சி. இருக்கும்மா, அது போதும்" என்றார்கள். மறுபடி கேட்டதற்கு, "விண்ணப்பிச்சிருக்கோம், வந்துடும்" என்று பதில் வந்தது. செயின் என் கழுத்துக்கே திரும்பியது.

ஆர்.சி.ஐ. என்பது இந்திய மறுவாழ்வுக் கவுன்சில். 1992ஆம் வருஷச் சட்டப்படி இயங்குவது. அது அங்கீகரித்த படிப்பை முடித்து, அதன் பதிவேட்டில் பெயர் ஏறினால்தான் கிளினிக்கல் சைக்காலஜிஸ்டாகத் தொழில் செய்யலாம். பதியாமல் செய்தால் சட்டப்படி குற்றம். சர்டிபிகேட்டில் 'கிளினிக்கல்' என்று அச்சடித்திருந்தால் மட்டும் போதாது. அங்கீகாரம் இல்லாத எம்.எஸ்ஸி. வீண் என்று நான் சொல்லவில்லை. மேற்படிப்புக்கு அது ஒரு படி. ஆனால் படியையே மாடி என்று சொல்லி விற்றால் ஏமாறக் கூடாது.

சிறிய பல்கலைக்கழகம் என்பதும் குற்றமில்லை. சிறிய இடத்திலும் அங்கீகாரம் இருக்கலாம். ஆகவே பணம் கட்டுவதற்கு முன் இவற்றைப் பாருங்கள்:

எந்தப் படிப்புக்கு, எந்தக் கல்வியாண்டுவரை, எத்தனை இடத்துக்கு அங்கீகாரம் என்பதை எழுத்தில் கேளுங்கள். ஆர்.சி.ஐ. இணையதளத்திலும் சரிபாருங்கள். எம்.பில். போய் வேறு பட்டங்கள் வருகிற காலம் இது. போன வருஷத் தகவலை நம்பக் கூடாது.

எந்த ஆஸ்பத்திரியில் பயிற்சி, யார் மேற்பார்வை என்று கேளுங்கள். நோயாளிகளைப் பார்க்காமல் இந்தப் படிப்பு இல்லை. சமையல் புத்தகம் படித்தே சமைக்கப் பழகினவர் யார்?

தபாலில், ஆன்லைனில் சைக்காலஜி பட்டம் என்றால் விலகிவிடுங்கள். 2025 ஜூலை-ஆகஸ்ட் சேர்க்கையிலிருந்து யூ.ஜி.சி. அதை நிறுத்திவிட்டது.

படிக்கப் பெண் இல்லாத வீட்டுக்கும் இது உபயோகமே. உங்கள் குழந்தையை யாரிடமாவது பரிசோதனைக்கு அழைத்துப் போனால், "உங்க ஆர்.சி.ஐ. பதிவு எண் என்னங்க?" என்று கேளுங்கள். முறையாகப் படித்தவர் கோபிக்க மாட்டார்.

என் பெண் இப்போது வேலூரில் எம்.எஸ்ஸி. சைக்காலஜி படிக்கிறாள். அதன்பின் அங்கீகாரம் உள்ள இடமாகப் பார்த்து நுழைவுத் தேர்வு எழுதுவாளாம். இன்னும் நாலைந்து வருஷம் ஆகும். "யார் கட்டுவாங்க?" என்று நான் மறுபடி கேட்கவில்லை. பக்கத்து வீட்டம்மா கேட்டார்கள். "அவ படிப்பு முடியட்டும்க்கா" என்று சொல்லிவிட்டேன்.