தாயன்பும் தாயாதி வழக்கும்

பறவையும் மிருகமும் தம் குஞ்சு குட்டிகளைப் பேணும் அருமையைப் பார்த்தேனும் மாந்தர் திருந்தலாகாதோ என்று மேடைதோறும் கேட்டுப் பழகியிருக்கின்றோம். இவ்வுபதேசம் செவிக்கு இனிதே. ஆயினும் அது பாதி உண்மையே என்பதும், மற்றைப் பாதியை அறியாது இயற்கையைக் குருவாகக் கொள்வது அபாயம் என்பதும் நமது அபிப்பிராயம்.

முதற்கண் இனிய பாதியைக் கூறுவோம். தாமிரபரணி பிறக்கும் பொதிகைச் சாரலில், களக்காடு முண்டந்துறைக் காடுகளிலே, இருவாசிப் பறவை வாழ்கின்றது. பேடை மரப்பொந்தினுட் புகுந்து, தன் எச்சம் முதலியவற்றால் வாயிலை அடைத்து, அலகு நுழையும் பிளவொன்று மட்டும் விட்டுத் தன்னைத் தானே சிறைசெய்துகொள்ளும். ஆண் பறவை ஆலம்பழமும் அத்திப்பழமும் கொணர்ந்து பல வாரங்கள் அப்பிளவின் வழியே ஊட்டும். இதனை இல்லறத்திற்கு மேற்கோளாகக் காட்டுவார் காட்டுக.

இனி, நாங்குநேரிப் பக்கத்துக் கூந்தன்குளத்திற்கு வருவோம். மணிமுத்தாற்று நீர் பெறும் இக்குளம் 1994-ஆம் ஆண்டிற் பறவைகள் சரணாலயமாயிற்று. நாரையும் கூழைக்கடாவும் கொக்கும் ஊர் மரங்களிலேயே கூடு கட்டுகின்றன. கொக்கின் கூட்டை உற்று நோக்குவார்க்கு வேறொரு காட்சி தோன்றும். முதல் முட்டை இட்ட சின்னாளிலேயே அடைகாக்கத் தொடங்குதலின், குஞ்சுகள் ஒருங்கே பொரிவதில்லை. மூத்தது வலுத்தபின்னரே கடைக்குட்டி வெளிப்படும். இரை குறைந்தால், மூத்தவை அதனை அலகாற் குத்தி அதன் பங்கையும் பறித்துக்கொள்ளும். பட்டினியால் அது மடிவதும் உண்டு. அருகிருக்கும் தாய் தந்தையரோ பெரும்பாலும் தடுப்பதில்லை! இரை மிகுந்த ஆண்டிற் கடைக்குட்டியும் பிழைக்கும். குறைந்த ஆண்டில் அதுவே முதற்பலி.

இதன் காரணம் யாது? உறவினர்பாற் காட்டும் அன்பின் கணக்கை ஹாமில்டன் என்னும் ஆங்கில அறிஞர் 1964-இல் விளக்கினார். அதனின்று பெற்றோர்க்கும் பிள்ளைக்கும் நிகழும் பூசலை ட்ரிவர்ஸ் என்னும் அமெரிக்க அறிஞர் 1974-இல் விளக்கினார். தாயின் மரபணுக்களிற் பாதி ஒவ்வொரு குஞ்சிலும் உண்டு. ஆதலின் அவளுக்கு எல்லாம் சமம். குஞ்சுக்கோ தான் முழுமை, உடன்பிறந்தது பாதியே. ஆகவே தாய் பகிர்ந்தளிக்க விரும்பும் அளவினும் மிகுதியாகவே ஒவ்வொரு குஞ்சும் வேண்டி நிற்கும். அன்பும் பூசலும் ஒரே வேரினின்று கிளைத்தவை என்பது இதன் சாரம்.

நம் ஆற்றங்கரைக் குடும்பங்களிலும் இவ்விரண்டும் இல்லையென்பார் யார்? வரப்பு ஒன்றிற்காக அண்ணனும் தம்பியும் கோர்ட்டு ஏறுகின்றனர். பணம் முடைப்பட்ட ஆண்டில் மகனைக் கல்லூரிக்கு அனுப்பி, மகளின் படிப்பை நிறுத்துகின்றனர். இஃது இயற்கைதானே என்று சிலர் அமைதி கூறுவர். இயற்கை ஒன்று நிகழ்வதன் காரணத்தைக் கூறுமேயன்றி, அது நியாயம் என்று தீர்ப்பளிக்கமாட்டாது. கொக்கின் முன்மாதிரி வேண்டுமாயின், கடைக்குட்டியின் கதியையும் ஏற்றுக்கொள்ளல் வேண்டும்!

நமக்கு மேலான முன்மாதிரி அதே கூந்தன்குளத்தில் உண்டு. அது மரத்தின்மேல் அன்று, மரத்தின் கீழே. கூட்டினின்று வீழ்ந்த குஞ்சுகளை எடுத்து, மீன் ஊட்டி, பறக்க வல்லனவாகும் வரை பேணிய மனிதர் அவ்வூரில் இருந்தனர். பறவைகள் அஞ்சுமென்று தீபாவளியிலும் வெடி கொளுத்தாமை அவ்வூர் வழக்கம். அக்குஞ்சுகளுக்கும் அவர்க்கும் இரத்த உறவு யாது? பிதிரார்ஜிதச் சொத்தில் இந்துப் பெண்மக்களுக்கும் சமபங்கு உண்டென 1989-இல் தமிழ்நாட்டிலும், 2005-இல் இந்தியா முழுமைக்கும் சட்டம் செய்ததும் இவ்வகைத்தே. கூடு செய்யாத நீதியை ஊரும் சட்டமும் செய்தன.

ஆதலின் மாணவ நண்பர்களே, கல்லூரியில் நீங்கள் பெற்ற இடம் வீட்டில் மற்றொருவர் விட்டுக்கொடுத்த பங்காக இருத்தல் கூடும். அவர் யார் என்று இவ்விடுமுறையிலேனும் கேட்டறிந்து, அக்கடனை இறுக்க முற்படுவீர்களாக.