வீடு ஆருடைய பெயரில்?



சென்ற மாதம் ஒரு கிராமத்தில் பெண்கள் குழுக் கூட்டம் முடிந்து எல்லோரும் எழும்பிப் போனபின், ஓர் அக்கா மட்டும் என்னிடம் வந்து நின்றார். 2004 சுனாமியில் அவருடைய வீடு போய்விட்டது. அது தாய் அவருக்குச் சீதனமாகக் கொடுத்த வீடு. அதற்குப் பதிலாக வேறிடத்தில் ஒரு வீடு கட்டிக் கொடுத்தார்கள். படிவத்தில் ‘குடும்பத் தலைவர்’ என்று இருந்த இடத்தில் கணவரின் பெயரை எழுதினார்கள். 2007இல் கணவர் காணாமற் போனார். இப்போது மகளுக்குக் கலியாணம் பேசுகிறார்கள். வீட்டை மகளின் பெயருக்கு எழுத வழியில்லை.

“புள்ள, வீடு தாறம் எண்டாங்க, சந்தோசத்தில வாங்கினம். ஆருட பேரில எண்டு நான் கேக்கல்ல” என்றார்.

அவர் சொன்னதைக் கேட்டபோது எனக்குத் தூரத்து ஊர் ஒன்றின் ஞாபகம் வந்தது.

2005 ஆகஸ்ட் 29ஆம் திகதி கத்ரீனா சூறாவளி அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தைத் தாக்கியது. சுனாமி வந்து எட்டு மாதங்கள்தான் ஆகியிருந்தன. நான் அப்போது பாடசாலை மாணவி. நாங்கள் தகரக் கொட்டகையில் இருந்தோம். நியூ ஓர்லியன்ஸ் நகரத்தில் சனங்கள் வீட்டுக் கூரையில் ஏறிநின்று கைகாட்டியதைப் பக்கத்துக் கடைத் தொலைக்காட்சியில் பார்த்தோம். “பணக்கார நாட்டிலயும் இப்படியா?” என்று அம்மா கேட்டார். அந்தத் துயரத்துக்கு இலங்கையும் 25,000 டொலர் கொடுத்தது என்பதைப் பின்னர்தான் அறிந்தேன்.

வெள்ளத் தடுப்பு அணைகள் உடைந்ததால் நகரத்தின் எண்பது வீதமான பகுதி நீரில் மூழ்கியது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தபோது அதற்குப்பின் நடந்தவற்றை வாசித்தேன். காற்றும் வெள்ளமும் சில நாட்களில் முடிந்துவிட்டன. வீடு கட்டும் கஷ்டம் பல வருடங்கள் நீடித்தது.

அந்நகரத்தில் ‘லோவர் நைன்த் வார்ட்’ என்று ஒரு பகுதி உண்டு. அங்கே வாழ்ந்தவர்கள் பெரும்பாலும் கறுப்பின மக்கள். வசதி குறைந்தவர்களாக இருந்தாலும் பலருக்குச் சொந்த வீடு இருந்தது. பாட்டி கட்டிய வீட்டில் மகள் இருப்பாள், அவளுக்குப்பின் பேத்தி இருப்பாள். ஆனால் உறுதியில் இறந்துபோன பாட்டியின் பெயரே இருக்கும். வழக்கறிஞருக்குக் காசு கொடுத்து மாற்றி எழுத வேண்டும் என்று யாரும் நினைக்கவில்லை. ஊருக்கே தெரியும் அது அவர்களின் வீடு என்று.

2006இல் மாநில அரசு வீட்டுச் சொந்தக்காரருக்கு 150,000 டொலர் வரை உதவி வழங்கும் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. உறுதியைக் காட்டு என்றார்கள். பலரால் காட்ட முடியவில்லை. இறந்தவர்களின் பத்திரங்களைத் தேடி, சிதறிப்போன சகோதரர்களிடம் கையொப்பம் வாங்கி அலைந்தார்கள். இலவசச் சட்ட உதவி செய்த வழக்கறிஞர்கள் கைகொடுத்ததால் பலருக்கு வழி பிறந்தது. அனர்த்த நிவாரணம் வழங்கும் மத்திய அரசின் முகவர் நிறுவனம் இந்தக் குறையை உணர்ந்து, உறுதி இல்லாத வாரிசுகள் வேறு சான்றுகளையும் காட்டலாம் என்று விதியைத் தளர்த்தியது 2021இல்தான். பதினாறு வருடங்கள்!

உறுதி இருந்தவர்களுக்கும் வேறொரு அநியாயம் நடந்தது. திருத்தச் செலவு, சூறாவளிக்கு முன் வீட்டின் சந்தை விலை, இரண்டில் எது குறைவோ அதை வைத்தே உதவித்தொகையைக் கணக்கிட்டார்கள். கறுப்பின மக்களின் பகுதிகளில் வீட்டு விலை குறைவு. ஆகவே ஒரே அளவு சேதத்துக்கு அவர்களுக்குக் குறைந்த பணம் கிடைத்தது. பலகையும் ஆணியும் எல்லோருக்கும் ஒரே விலைதானே? 2008இல் வழக்குப் போட்டார்கள். 2011இல் இணக்கம் ஏற்பட்டு, ஏறக்குறைய 62 மில்லியன் டொலர் மேலதிகமாக ஒதுக்கப்பட்டது.

அரசு மட்டுமல்ல, தர்ம நிறுவனங்களும் வந்தன. பல நல்ல வேலைகள் செய்தன. ஆனால் ஒரு கதையை நாம் கவனிக்க வேண்டும். பிரபல நடிகர் பிராட் பிட் 2007இல் தொடங்கிய நிறுவனம், லோவர் நைன்த் வார்ட்டில் 150 வீடு கட்டத் திட்டமிட்டு 109 வீடுகளைக் கட்டியது. பெயர்பெற்ற கலைஞர்கள் வரைந்த அழகான வீடுகள். சில வீடுகளின் தட்டைக் கூரையும் புதுவகைப் பலகையும் அந்த ஊர் மழைக்கும் ஈரத்துக்கும் தாங்கவில்லை. ஒழுகின, உக்கின, பூஞ்சணம் பிடித்தன. 2018இல் குடியிருந்தவர்கள் நீதிமன்றம் போனார்கள். அந்த வீடுகளைச் சும்மா கொடுக்கவில்லை. கடன் எடுத்து வாங்கியிருந்தார்கள்.

சகோதரிகளே, யுத்தத்தாலும் கடலாலும் வீடிழந்த நாம் ‘தருவதை வாங்கு’ என்றே பழகிவிட்டோம். கேள்வி கேட்டால் பட்டியலில் பெயரை வெட்டி விடுவார்களோ என்ற பயம் எனக்கும் புரிகிறது. தனியாகக் கேட்க வேண்டாம், குழுவாகக் கேளுங்கள்.

முதலாவது, யாருடைய பெயரில் வீடு வருகிறது என்று படிவம் நிரப்பும்போதே கேளுங்கள். காணி உங்கள் சீதனம் என்றால் அதைச் சொல்லுங்கள். உங்கள் பெயரையும் சேர்க்க முடியுமா என்று கேட்டு, நிரப்பிய படிவத்தின் பிரதி ஒன்றை வாங்கி வையுங்கள்.

இரண்டாவது, கையில் தருவது உறுதியா, அனுமதிப்பத்திரமா, வெறும் கையளிப்புக் கடிதமா என்று கேளுங்கள். மூன்றும் ஒன்றல்ல.

மூன்றாவது, வீடு கட்டும்போது போய்ப் பாருங்கள். குசினிப் புகை எந்தப் பக்கம் போகும், மழை எந்தப் பக்கம் அடிக்கும் என்பது வரைபடம் போட்டவரைவிட உங்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். குறை இருந்தால் அதை எழுதிக் கொடுத்த பின்பே ஒப்பமிடுங்கள்.

நான்காவது, பிறப்பு, விவாக, மரணப் பத்திரங்களையும் காணிப் பத்திரங்களையும் ஒரு பொலித்தீன் பையில் ஒன்றாகக் கட்டி வையுங்கள். பிரதிகளை வேறூரில் உள்ள உறவினரிடம் கொடுங்கள். தொலைந்த பிறப்பு, மரணப் பத்திரங்களுக்குப் பிரதேச செயலகத்திலும், பதிவு செய்த உறுதிகளுக்குக் காணிப் பதிவகத்திலும் பிரதி எடுக்கலாம்.

நான் தொடக்கத்தில் சொன்ன அக்காவுக்கு இவ்வளவும் காலம் கடந்த புத்திமதி. ஆனாலும் விடுவதாக இல்லை. வருகிற வாரம் அவரோடு சட்ட உதவி ஆணைக்குழு அலுவலகத்துக்குப் போகிறேன். வருமானம் குறைந்தவர்களுக்கு அங்கே இலவசமாக ஆலோசனை சொல்வார்கள். பழைய சீதன உறுதியின் கிழிந்த ஒரு பக்கத்தை அவர் இத்தனை வருடமும் சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருந்திருக்கிறார். அதையும் கொண்டு போகிறோம்.

உங்களிடமும் அப்படி ஒரு துண்டு இருந்தால், அடுத்த கூட்டத்துக்கு வரும்போது எடுத்து வாருங்கள்.