போடிமெட்டு ஏறுமா?

"மாப்ளே, கரண்டு வண்டி வாங்கலாமா? போடிமெட்டு ஏறுமா?"

போன ஞாயிற்றுக்கிழமை போனில் மாமா கேட்டார். போடியிலிருந்து ஏலக்காய்த் தோட்டங்களுக்குத் தினமும் ஆள் ஏற்றிப்போகும் ஜீப் அவருடையது. நானோ ஸ்வீடன் குளிரில் இன்வெர்ட்டர்களோடு மல்லுக்கட்டுகிறவன். "ஏறும் மாமா" என்று சட்டென்று சொல்லிவிட்டேன். அப்புறம் தூக்கம் வரவில்லை.

ஏன் என்று சொல்கிறேன். பாட்டரி தருவது டி.சி. மோட்டார் கேட்பதோ நம் ஊர் பம்ப்செட்டுக்கு வருவது போன்ற த்ரீ ஃபேஸ். நடுவில் ஆறு எலக்ட்ரானிக் சுவிட்சுகள் நொடிக்கு ஆயிரக்கணக்கான தடவை திறந்து மூடி, டி.சி.யைத் துண்டு துண்டாக நறுக்கி, மூன்று அலைகளாக்குகின்றன. எப்படி நறுக்குவது என்பதில்தான் சூட்சுமம். மூன்று ஃபேஸையும் சேர்த்துக் கணக்குப் போடும் 'ஸ்பேஸ் வெக்டர்' முறை, சாதாரண சைன் முறையைவிட அதே பாட்டரியிலிருந்து சுமார் 15% கூடுதல் வோல்டேஜ் எடுக்கும். அது வேகத்துக்கு உதவும்.

மலையில் பிரச்சினை வேகம் அல்ல, சூடு. 17 கொண்டை ஊசி வளைவு, சுமார் ஆயிரம் மீட்டர் ஏற்றம். இரண்டு டன் வண்டியை அவ்வளவு உயரம் தூக்க மட்டுமே ஐந்தரை யூனிட் வேண்டும். மெதுவாக, முழு லோடோடு ஏறும்போது கரண்ட் எகிறும், சுவிட்சுகள் கொதிக்கும். ஒவ்வொரு ஃபேஸுக்கும் முறை வைத்து ஓய்வு கொடுத்தால், சுவிட்சுகள் திறந்து மூடுவது மூன்றில் ஒரு பங்கு குறையும். சூடும் குறையும், ஆனால் மோட்டாரில் இரைச்சல் கூடலாம். சூடு எல்லை மீறினால் இன்வெர்ட்டர் தன்னைக் காத்துக்கொள்ள இழுவையைக் குறைத்துவிடும். பின்னால் பத்துப் பேர் உட்கார்ந்திருக்க, வளைவில் அது நடந்தால்?

என் கட்சி இதுதான்: சமதளத்து கிலோமீட்டர் கணக்கை மட்டும் காட்டி மலைக்காரர்களிடம் வண்டி விற்கக் கூடாது. முழு லோடோடு ஏற்றத்தில் எத்தனை நிமிடம் இழுவை குறையாமல் ஏறும் என்றும் அச்சடிக்க வேண்டும். இது ஆடம்பரக் கேள்வி இல்லை. விடிகாலையில் தூக்குச்சட்டியோடு ஏறும் பெண்களின் உயிர்க் கேள்வி.

மறுபடி மாமாவைக் கூப்பிட்டேன். "ஏறும் மாமா. ஆனா வாங்குறதுக்கு முன்னாடி முழு லோடு வச்சு மெட்டு வரைக்கும் ஓட்டிக் காட்டச் சொல்லுங்க. இன்னொண்ணு, மேல போய் ஃபுல் சார்ஜ் போடாதீங்க. இறங்கும்போது மோட்டாரே ஜெனரேட்டராகிக் கரண்டைத் திருப்பித் தரும். அதை வாங்க பாட்டரியில இடம் வேணும்."

"அப்ப இறங்குறப்ப காசு மிச்சமா?" என்றார். மாமா மாமாதான் :-)