குளத்துக்கு 'மருந்து' அடிக்காதீங்க

1/ வில்லியனூர், பாகூர் பக்கம் ஓ.பி.யில் உட்கார்ந்தா சுகர், பிரஷருக்கு நடுவுல இந்தக் கேள்வியும் வரும்: "சார், குளம் பூரா ஆகாயத்தாமரை. என்ன மருந்து அடிக்கலாம்?" என் பதில்: எதுவும் அடிக்காதீங்க. ஏன்னு சொல்றேன்.

2/ முதல்ல அந்த வார்த்தை. களைக்கொல்லியை நாம 'மருந்து'ன்னு சொல்றோம். ராத்திரி கேஷுவாலிட்டிக்கு ஓடி வர்ற உறவினரும் அதையேதான் சொல்றாங்க: "டாக்டர், மருந்து குடிச்சிட்டான்." இல்லைங்க. அது விஷம்.

3/ பாராகுவாட்டை எடுத்துக்குங்க. இதுக்கு முறிவு மருந்தே கிடையாது. உள்ளே போனவர் முதல் நாள் தெளிவா பேசுவார். அப்புறம் சிறுநீரகம் கெடும், நுரையீரல் இறுகும். ஆக்சிஜன்கூட சேதத்தைக் கூட்டும்கிறதால யோசிச்சுத்தான் குடுப்போம். "நல்லாத்தானே பேசுறான்"னு கேக்குற அம்மாவுக்கு நான் என்ன பதில் சொல்ல?

4/ ஐரோப்பிய ஒன்றியத்தில் இது 2007லேயே போயாச்சு. கேரளா 2011ல் தடை பண்ணுச்சு. இலங்கையில் பாராகுவாட் உட்பட கொடிய விஷங்களைத் தடை செஞ்ச பிறகு தற்கொலைச் சாவுகள் குறைஞ்சது. நம்ம வீட்டுல? குளத்துக்கு வாங்கினதுல பாதி பாட்டில் மாட்டுக் கொட்டகையில் இருக்கு.

5/ சரி, குளத்துக்காவது நல்லதா? செடி செத்து, மூழ்கி, அழுகும். தண்ணியில் ஆக்சிஜன் குறையும், மீன் மிதக்கும். அழுகினதே அடுத்த செடிக்கு உரம். சேத்துல கிடக்கிற விதை பல வருஷம் கழிச்சும் முளைக்கும்.

6/ "அப்போ அப்படியே விட்டுடலாமா?" கூடாது. மான்சோனியா கொசுவோட புழு, நீர்ச்செடி வேர்ல துளை போட்டு அதுலதான் மூச்சு விடும். ஒருவகை யானைக்கால் நோயைப் பரப்புறது இந்தக் கொசுதான்.

7/ இதுக்கு வழி காட்டினது நம்ம புதுச்சேரி. 1975ல் இங்கே தொடங்கின கொசு ஆராய்ச்சி மையம் (வி.சி.ஆர்.சி.), 1980களில் கேரளாவின் சேர்த்தலையில் மக்களைச் சேர்த்துக்கிட்டு வேலை செஞ்சது. குளத்துச் செடியை அள்ளி தென்னைக்கு உரமாக்கினாங்க, சுத்தமான குளத்தில் மீன் வளர்த்தாங்க. கொசுவும் குறைஞ்சது, கையில காசும் வந்தது.

8/ நீங்க செய்ய வேண்டியது:
• பூக்கிறதுக்கு முன்னாடி, கோடையில் தண்ணி குறையும்போது, வேரோட அள்ளுங்க.
• கரையிலேயே போடாதீங்க. மழையில் திரும்ப உள்ளே போகும். தள்ளிப் போட்டு மக்க வைங்க.
• ஹைட்ரில்லா மாதிரி தண்ணிக்குள்ள வளர்றதுக்குப் புல்கெண்டை விடுங்க. ஆகாயத்தாமரைக்கு அதை நம்பாதீங்க.
• சாக்கடை, சாணி, யூரியா குளத்துல கலக்கிறதை நிறுத்துங்க. செடிக்குச் சோறே அதுதான்.

9/ டாக்டரா ஒண்ணு: கால்ல புண்ணோட இறங்காதீங்க. தனியாவும் இறங்காதீங்க. இறங்கின பிறகு ரெண்டு, மூணு வாரத்துக்குள்ள காய்ச்சல் வந்தா, குளத்துல இறங்கினதைச் சொல்லுங்க. எலிக்காய்ச்சலா இருக்கலாம்.

10/ "ஆள் கிடைக்கல, கூலி கட்டல"ன்னு சொல்வீங்க. உண்மைதான். வீட்டுக் குளம்னா குடும்பமா நாலு ஞாயித்துக்கிழமை. ஊர்க் குளம்னா கொம்யூன் பஞ்சாயத்தை விடாம கேளுங்க. ஆனா பாட்டில் மலிவுன்னு மட்டும் சொல்லாதீங்க. அதோட மிச்ச பில் எங்க வார்டுலதான் வருது.

11/ வீட்டில் மிச்சம் இருந்தா இன்னைக்கே பூட்டி வைங்க. கூல்டிரிங்க்ஸ் பாட்டில்ல ஊத்தி வைக்காதீங்க. யாராவது குடிச்சா உப்புத்தண்ணி குடுத்து நேரத்தை வீணாக்காம, பாட்டிலோட ஆஸ்பத்திரிக்கு வாங்க. மனசு தாங்கலைன்னா 14416க்குக் கூப்பிடுங்க. இலவசம், எந்நேரமும்.