முதற் சாணைக்கல்

சென்ற மாதம் ஒரு வெள்ளிக்கிழமை மாலை, எம்மிடம் முன்னர் பயின்ற மாணவர் ஒருவர், கைக்குட்டையிற் சுற்றிய ஒரு பொருளுடன் எமது வீட்டு வாயிலில் வந்து நின்றார். கிண்ணியாவிலேயே பிறந்து வளர்ந்தவர், அடக்கமான பிள்ளை. உள்ளே அழைத்து இருக்கச் செய்தோம். கைக்குட்டையை அவிழ்த்து மேசைமேல் வைத்தார். உள்ளே இருந்தது ஒரு சவரக்கத்தி. கொம்பாலான பிடிக்குள் மடங்கும் பழைய வகை. வாலிலே ஷெபீல்ட் நகரத்து முத்திரை தேய்ந்தும் தேயாமலும் தெரிந்தது.

"சேர், இது எங்கட மூத்தப்பாட கத்தி. இதைத் தீட்ட ஒரு கல் வாங்க வேணும். எந்தக் கல் நல்லது?" என்றார்.

கத்தியின் வரலாற்றை வினவினோம். மூத்தப்பாவின் தந்தையார் திருகோணமலைக் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்தவராம். 1957 இல் ஆங்கிலேயர் அத்தளத்தை இலங்கையிடம் கையளித்துச் செல்வதற்குச் சில ஆண்டுகள் முன்னர், மாலுமி ஒருவரிடமிருந்து இக்கத்தி அவர் கைக்கு வந்ததாம். மகனுக்கு அதைக் கொடுத்தார். மகன் நாள்தோறும் அதனாலேயே முகம் வழித்தார். 2004 டிசம்பர் 26 அன்று கடல் பொங்கி வந்தபோது வீட்டுச் சுவர் விழுந்தது. மூன்றாம் நாள் சேற்றுக்குள்ளிருந்து கிளறி எடுத்த தகரப் பெட்டியிலே இக்கத்தி இருந்தது. அந்த வீட்டிலிருந்து எஞ்சிய பொருள்கள் விரல் விட்டு எண்ணத்தக்கன. மூத்தப்பா காலமாகி இப்பொழுது ஓராண்டு ஆகின்றது.

இவ்வளவும் சொல்லிவிட்டு, காற்சட்டைப் பையிலிருந்து இன்னொரு பொருளையும் எடுத்தார். இரும்புக் கடையில் வாங்கிய சாம்பல் நிறக் கல். மீன் வெட்டும் கத்திக்கும் காட்டுக் கத்திக்கும் நாம் எல்லோரும் வைத்திருப்பது. "கடைக்காரர் இது போதுமென்றார். நீங்களும் சரியென்றால் இண்டைக்கே தேய்த்து விடுவேன்."

நல்ல வேளையாக இன்னும் தேய்க்கவில்லை. நாம் எழுந்து சென்று எமது அலுமாரியின் கீழ்த்தட்டிலிருந்து வேறொரு சவரக்கத்தியைக் கொணர்ந்து அவர் கத்திக்கு அருகில் வைத்தோம். அது எமது தந்தையாருடையது. இருபது ஆண்டுகளுக்கு முன், இதே போன்ற சாம்பல் நிறக் கல்லிலே, கல்வி கற்றவன் என்ற துணிவுடன், நாமே அதைத் தேய்த்தோம். அரை மணி நேரத்தில் கூர் முழுவதும் வாள்பல் போலாயிற்று; முதுகிலே கோடுகள் விழுந்தன. தந்தையார் அப்பொழுது உயிரோடிருந்தார். கத்தியை வாங்கி வெளிச்சத்திற் பிடித்துப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் மடித்து எம்மிடமே தந்துவிட்டார். அன்று தொடக்கம் அது அலுமாரியிற் கிடக்கிறது.

அந்தச் சாம்பல் நிறக் கல் தன்னளவில் தீயதன்று. அதன் பெயரே ஒரு சுவையான கதை. 1891 இல் எட்வர்ட் அச்சிசன் என்னும் அமெரிக்கர், களிமண்ணையும் கற்கரித் தூளையும் மின்சாரத்தாற் சூடேற்றிப் பார்த்தபோது, மினுங்கும் கடினமான பளிங்குகள் சில கிடைத்தன. கரியும் குருந்தமும் கலந்து பிறந்தவை அவை எனக் கருதி, இரண்டு பெயர்களையும் இணைத்துக் 'கார்போரண்டம்' என்று பெயரிட்டார். கருதியது பிழை, அது சிலிக்கன் காபைட்டு என்று பின்னர் தெளிவாயிற்று. பெயர் மட்டும் நிலைத்து விட்டது. ஆங்கிலத்தில் 'கொரண்டம்' எனப்படுவது எமது குருந்தம் என்ற சொல்லே என்று அவர்களுடைய அகராதிகளே கூறுகின்றன. ஆகவே இரும்புக் கடையிற் கார்போரண்டம் கல் கேட்பவர், தம்மை அறியாமலே பாதித் தமிழிற் கேட்கிறார்.

குருந்தம் என்பது பளிங்குருவான அலுமினியம் ஒட்சைட்டு. கடினத்தன்மையில் வைரத்தைப் பத்து என்று கொண்டால் இதற்கு ஒன்பது. இரத்தினபுரியிற் கிடைக்கும் நீலமும் செங்கெம்பும் நிறமேறிய குருந்தங்களே. நிறமும் தெளிவும் இல்லாதது தமிழ்நாட்டில் நாமக்கல் பக்கத்துச் சித்தம்பூண்டிப் பாறைகளிற் கிடைக்கின்றது. அதைப் பொடித்து, உருக்கிய அரக்கிற் சேர்த்துச் சக்கரமாக வார்த்துச் சாணை பிடிப்பது அக்காலத்து வழக்கம். இன்று யப்பானிலிருந்து வரும் விலையுயர்ந்த தீட்டுக்கற்களிற் பெரும்பாலானவற்றில் உருக்கைத் தேய்ப்பதும் இதே அலுமினியம் ஒட்சைட்டு. ஆலையிலே செய்யப்படுவது என்பதுதான் வேற்றுமை. மாணவர் இதைக் கேட்டுத் தம் கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

நிற்க. கல்லுக்குக் கல் வேறுபாடு பொருளில் அன்று, துகளின் பருமனிலேயே பெரிதும் உள்ளது. எமது தலைமயிரின் தடிப்பு 50 முதல் 100 மைக்ரோன் வரை; ஆயிரம் மைக்ரோன் ஒரு மில்லிமீற்றர். இரும்புக் கடைக் கல்லின் கரடான முகத்திலே துகள்கள் மயிரின் தடிப்பளவோ அதற்கு மேலோ இருத்தல் கூடும். மீன் வெட்டும் கத்திக்கு அது பொருந்தும். சிறு பற்கள் இருந்தாற்றான் மீன் தோல் அறும். கன்னத்துத் தோலுக்கு அந்தப் பற்கள் ஆகா. யப்பானிய முறையில் 1000 என்று இலக்கமிட்ட கல்லிலே துகள் ஏறத்தாழ 12 மைக்ரோன். 4000 இல் 3. 6000 இல் 2. 8000 இல் ஒன்றுக்குச் சற்று மேல்.

இலக்கம் ஒன்றாயிருந்தாலும் நாட்டுக்கு நாடு அளவு வேறு என்பதை வாசகர்கள் மனத்திற் கொள்ளல் வேண்டும். ஐரோப்பிய முறையில் 1200 என்று எழுதிய கல்லின் துகள் 3 மைக்ரோன். அதாவது யப்பானிய 4000 க்கு நிகர். உப்புத்தாளுக்கோ இன்னுமொரு கணக்கு. எந்த நாட்டு இலக்கம் என்று சொல்லாமல் இலக்கத்தை மட்டும் பெரிதாக அச்சிட்டு விற்பவரிடம் வாங்காதிருப்பதே நலம்.

எமது மாணவர் கொழும்பில் விற்பனைக்குள்ள 12000 இலக்கக் கல் ஒன்றின் படத்தைக் கைத்தொலைபேசியிற் காட்டினார். "இலக்கம் கூடக் கூட நல்லதுதானே சேர்?" இக்கேள்வியே இவ்விடயத்தில் மூலக்கேள்வி. அது கத்தியின் நிலையைப் பொறுத்தது, தம்பி, என்றோம். மிக நுண்ணிய கல், இருக்கின்ற கூரை மெருகூட்டும். இல்லாத கூரை உண்டாக்காது. மழுங்கிய கத்தியை 12000 இல் ஒரு பகல் முழுவதும் தேய்த்தாலும் கை நோகுமேயன்றிக் கூர் வராது. முன்னரே நன்றாகத் தீட்டப்பட்டு, நாட்பட்ட பாவனையாற் சற்றுச் சோர்ந்த கத்தி உடையவருக்கு முதற் கல் 8000 அல்லது அதற்கு மேல். அவருக்கு வேறு கல்லே சில ஆண்டுகளுக்கு வேண்டியதில்லை. மழுங்கிய கத்தி உடையவருக்கு முதற் கல் 1000 இலிருந்து தொடங்கல் வேண்டும்.

இதை அறிவதற்கு ஒரு கருவியும் வேண்டாம். கத்தியின் கூரை மேல்நோக்கி விளக்கொளியிற் பிடித்துப் பார்க்க வேண்டும். உண்மையான கூர் ஒளியைத் திருப்பி அனுப்பாது. கண்ணுக்கு அகப்படவே மாட்டாது. எங்கே வெள்ளைக் கோடு மினுங்குகின்றதோ அங்கே கத்தி மழுங்கியிருக்கின்றது. மூத்தப்பாவின் கத்தியிலே நுனி தொடங்கி அடிவரை ஒரே வெள்ளைக் கோடு. உப்பு நீர் தின்ற பள்ளங்கள் கூரில் உளவோ என்பதே எமது அச்சம். நகை வேலை செய்வோர் வைத்திருக்கும் உருப்பெருக்கி ஒன்றினாற் பார்த்தோம். பள்ளங்கள் முதுகுப் பக்கத்தோடு நின்றிருந்தன. சேற்றிலிருந்து எடுத்த அன்றே அப்பெரியவர் எண்ணெய் பூசியதன் பயன் அது. கூரிலே பள்ளமிருந்தால், அது தேய்ந்து போகும் வரை உருக்கையெல்லாம் கல்லுக்குக் கொடுத்திருக்க வேண்டும்.

ஆகவே நாம் சொன்னது, ஒரு முகம் 1000, மறு முகம் 6000 என அமைந்த யப்பானிய இருமுகக் கல் ஒன்று. விலையும் அந்தப் படத்துக் கல்லிலும் மிகக் குறைவு. 6000 க்குப் பின் எஞ்சும் நுண்மையை, துணியிலே பூசிய பச்சை நிறக் குரோமியம் ஒட்சைட்டும் அதன்பின் தோல் வாரும் பார்த்துக் கொள்ளும். கல் எட்டு அங்குல நீளமும் இரண்டரை அங்குலத்திற்குக் குறையாத அகலமும் உடையதாயிருத்தல் நன்று.

இயற்கைக் கற்களைப் பற்றியும் கேட்டார். பெல்ஜியத்தின் ஆர்டென் மலைப்பகுதியில் வெட்டியெடுக்கும் மஞ்சட் கல் ஒன்று முகச்சவரம் செய்வோரிடையே பெரும் புகழ் பெற்றது. அதனுள் இருப்பவை கண்ணுக்குத் தெரியாத மணிகள். எமது கோமேதகத்தின் இனம். அவை உருண்டை வடிவினவாதலால் ஆழமாகக் கீறா. அக்கூர் முகத்திற்கு மென்மையாயிருக்கும் என்பர். ஆனால் இயற்கைக் கல் ஒவ்வொன்றும் ஒவ்வொரு குணம். தீட்டத் தெரிந்தவர் கல்லின் குணத்தை அறிந்து கொள்வார். தெரியாதவருக்குத் தவறு கையிலா கல்லிலா என்றே விளங்காது. முதற் கல்லாக அதை வாங்குவதை நாம் விரும்பவில்லை.

தீட்டும் முறையைச் சுருக்கமாகச் சொல்லலாம். சமையற் கத்தியைக் கல்லிலே சாய்த்துப் பிடிக்கின்றோம். சவரக்கத்தியை அவ்வாறு சாய்த்தலாகாது. முதுகும் கூரும் ஒருங்கே கல்லிற் படியப் படுக்க வைத்தால் சரியான கோணம், 16 அல்லது 17 பாகை, தானே அமையும். செய்தவன் கணக்கை முதுகின் தடிப்பிலே வைத்திருக்கிறான். கல்லிலே கூர் முன்னாகச் செல்ல வேண்டும்; தோல் வாரிலே முதுகு முன்னாக. திரும்பும்போது முதுகின்மேலேயே புரட்ட வேண்டும். கத்தியின் பாரத்திற்கு மேல் கையின் பாரம் வேண்டியதில்லை. நாம் எமது தந்தையாரின் கத்தியைக் கெடுத்தது கல்லாற் பாதி, கையாற் பாதி.

கல்லும் குழியும். தட்டையான கண்ணாடியின்மேல் நீர் படக்கூடிய உப்புத்தாளை விரித்து, கல்லிலே பென்சிலாற் கட்டங்கள் கீறி, கோடுகள் முற்றும் அழியும் வரை தேய்த்தால் மறுபடியும் சமமாகும். இதைச் செய்யாதவர் கல் வாங்கியும் பயனில்லை. அன்றியும், கொட்டியாரக் குடாவின் உப்புக் காற்றிலே உருக்கு ஓர் இரவிற் சிவக்கும். வழித்த பின் துடைத்து உலர்த்தி, தையல் இயந்திரத்திற்கு இடும் எண்ணெயில் ஒரு துளி பூசல் நன்று. இன்னொன்று, இக்கத்தி ஒருவர் முகத்திற்கே உரியது. சலூன்களிலே ஆளுக்கொரு புதிய அலகு மாற்றுவது ஈரல் அழற்சி போன்ற நோய்கள் இரத்தத்தின் வழியாகத் தொற்றாதிருப்பதற்காக. நண்பருக்கு இரவல் கொடுக்க வேண்டாம் என்று சற்றுக் கண்டிப்பாகவே சொன்னோம்.

பத்து நாளிற் கல் கொழும்பிலிருந்து தபாலில் வந்தது. 2009 இற் பாலம் திறக்கும் வரை, பாதையில் ஏறித் துறை கடந்து திருகோணமலைக்குப் போய்த்தான் இத்தகைய பொருளைத் தேட வேண்டியிருந்தது. அதை நினைத்தபோது எமக்கு வியப்பாயிருந்தது. கல்லைப் பிரித்த கையோடு மூத்தப்பாவின் கத்தியை எடுத்த மாணவரைத் தடுத்தோம். எமது தந்தையாரின் கத்தியை அவர் கையில் வைத்து, "இதிற் பழகும். இனிக் கெடுவதற்கு இதிலே ஒன்றுமில்லை" என்றோம்.

மூன்று வாரம் அவரிடமிருந்து செய்தி இல்லை. போன ஞாயிற்றுக்கிழமை காலை வந்தார். கத்தியை விரித்துத் தந்தார். விளக்கிற் பிடித்தோம். நுனியில் ஓர் அரிசியளவு இடத்திலே வெள்ளை. மற்றெங்கும் கோடு இல்லை. முதுகிலே நாம் அன்று போட்ட கீறல்கள் அப்படியே இருந்தன. வெந்நீர் வைத்துச் சவர்க்காரம் குழைத்து இடக் கன்னத்தை வழித்தோம்; ஓசையின்றிப் போயிற்று. வலப் பக்கத்துத் தாடையிலே நுனி பட்டு ஒரு துளி இரத்தம் வந்தது. மாணவர் பதறிவிட்டார், நாம் படிகாரத்தை எடுத்து வைத்துக்கொண்டு மீதியையும் முடித்தோம்.

மூத்தப்பாவின் கத்தியை அவர் இன்னும் கல்லில் வைக்கவில்லை. அந்த அரிசியளவு வெள்ளையும் போன பிறகுதான் என்று சொல்லி, எமது கத்தியைத் திரும்பவும் கைக்குட்டையிற் சுற்றி எடுத்துச் சென்றிருக்கிறார்.